ஜெர்சி என்னும் இடப்பெயர்

திருப்பூரில் பின்னலாடைக் கூடமொன்றில் "இன்று எத்தனை கிலோ ஜெர்சி ஓடியது?" என்று கேட்டால் அது துணியைக் குறிக்கும். காங்கேயம் செல்லும் வழியில், பால் கூட்டுறவுச் சங்க வாசலில் "உங்கள் ஜெர்சி எவ்வளவு கறக்கிறது?" என்றால் அது பசு. மாலையில் விளையாட்டுத் திடலில் அதே சொல் வீரர் அணியும் மேற்சட்டையாகிவிடும். மாணவர்களே, இச்சொல் முதலில் துணியும் அன்று, பசுவும் அன்று. ஓர் இடத்தின் பெயர்.

பிரான்சின் நார்மண்டிக் கரைக்கு அருகே, ஆங்கிலக் கால்வாயில் உள்ள சிறு தீவு ஜெர்சி. அத்தீவினர் கம்பளி நூலால் காலுறைகளும் மேலாடைகளும் பின்னி ஏற்றுமதி செய்தனர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அறுவடைக்கு ஆள் கிடைக்காதபடி மக்கள் பின்னல் வேலையிலேயே மூழ்கியதால், அறுவடைக் காலத்தில் பின்னுவதைத் தடுத்து அங்குச் சட்டம் இயற்ற நேர்ந்தது. களையெடுக்க ஆளின்றித் தவிக்கும் கொங்கு நாட்டு உழவர்க்கு இச்செய்தி புதிதாகத் தோன்றாது.

தீவின் பெயர் அங்குச் செய்த பின்னல் துணிக்கு ஆயிற்று. இதுவே இடவாகுபெயர். துணியின் பெயர் பின்னர் அத்துணியால் தைத்த சட்டைக்கும் ஆகி வந்தது; ஆகவே சட்டையைக் குறிக்கும் ஜெர்சி இருமடியாகுபெயர். 'கார் அறுத்தான்' என்னும் தொடரில் கருமை நிறத்தின் பெயர் முகிலுக்கும், முகிலின் பெயர் பருவத்துக்கும், பருவத்தின் பெயர் பயிருக்கும் ஆகி மும்மடியாவதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நம் இலக்கணம் வகுத்த நெறியில் அயற்சொல்லும் நடப்பது வியப்பன்று. பெயரிடும் மனித மனம் ஒன்றே.

இன்று திருப்பூரில் ஓடும் 'சிங்கிள் ஜெர்சி' பெரும்பாலும் பருத்தி நூலால் ஆனது. அதன் ஒரு முகத்தில் அம்புமுனை போன்ற நெடுக்குக் கண்ணிகளும் மறுமுகத்தில் வளைவுகளும் தெரியும். வெட்டியதும் விளிம்பு சுருளும் இயல்புடையது என்பதைக் கட்டிங் மேசையில் நிற்போர் நன்கறிவர். கம்பளி போய்விட்டது, தீவும் மறந்துபோயிற்று. பெயர் மட்டும் நிலைத்தது.

பசுவின் செய்தியும் இத்தகையதே. தம் இனம் கலவாதிருக்க 1789இல் வெளிமாடுகள் வருவதையே சட்டத்தால் தடுத்தது அத்தீவு. இங்கோ, கலப்பினப் பசு எதுவாயினும் ஜெர்சி என்று சொல்வாருளர். இது பொருள் விரிவு. காங்கேயம் மாட்டுக்கும் ஊர்ப்பெயரே பெயராயிற்று என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி, 1664இல் அந்நிலத்தைப் பெற்ற இருவருள் ஒருவரான ஜார்ஜ் கார்டரெட் ஜெர்சித் தீவினர் என்பதால் பெற்ற பெயர். அமெரிக்கர் அதனையும் பேச்சில் வெறும் ஜெர்சி என்றே சுருக்குவர். எனவே, 'அவர் ஜெர்சியில் பிறந்தார்' என்னும் தொடரை மொழிபெயர்ப்போர் தீவா, மாநிலமா என முன்பின் தொடர்களை நோக்கியே தெளிய வேண்டும்.

கற்பவை கற்றபின்: பின்னலாடை, நெசவுத் தொழிலில் உள்ள உங்கள் உறவினரிடம் துணிப் பெயர்களைக் கேட்டு எழுதுக. டெனிம் பிரான்சின் நீம் நகரையும், காலிகோ கோழிக்கோட்டையும் சுட்டுவது போல, அவற்றுள் இடவாகுபெயராக அமைந்தவற்றைக் கண்டறிக.