ஏரியும் தூண்டிலும்

ஏரியில் மீன்குஞ்சுகளை மிகுதியாக விட்டால், தூண்டிலிடுவோர்க்குப் பெருமீன் கிடைக்கும் என்பர் பலர். அது பொருந்தாது. அமெரிக்காவின் அலபாமா மாகாணத்து ஆபர்ன் நகரில், 1930-களில் குளங்களை ஆராயத் தொடங்கிய ஹோமர் ஸ்விங்கிள் என்பார் இதனை விளக்கிக் காட்டினார்.

ஒரு நீர்நிலை ஊட்டக்கூடிய மீன்களின் மொத்த எடைக்கு ஓர் எல்லையுண்டு. எண்ணிக்கை பெருகின் இரை பங்குபட்டு, ஒவ்வொரு மீனும் வளர்ச்சி குன்றும். ஆதலின் உரமிட்ட குளங்களில் ஏக்கருக்கு 1,000 புளூகில் குஞ்சுகளும், அவற்றின் இனத்தை உண்டு குறைக்கும் பாஸ் மீனின் குஞ்சுகள் 100-ம் விடப்பெற்றன. பாஸ் சிறுமீன்களைக் குறைக்க, எஞ்சியவை பருக்கும். ஆசைப்பட்டுப் பாஸையே முதலிற் பிடித்தொழிப்பின், குளம் குறுமீன்களால் நிறையும். பாஸின் முட்டைகளையும் அவை தின்றுவிடும்.

ஆகவே, ஏரி காப்போர் குஞ்சு விடுவதினும் மீன் எடுப்பதிலேயே கருத்தூன்றல் வேண்டும். தூண்டில் ஏந்தும் மாணாக்கரும் இதனை மறவாதிருப்பாராக.