நிறம் துணை, சொல்லே முதன்மை

தானா ராத்தாவைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் தேயிலைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. கையால் கொழுந்து பறிப்பவர் இளம்பச்சை நிறத்தை மட்டும் நம்புவதில்லை. இரண்டு இலை, ஒரு மொட்டு என்னும் அமைப்பையும் இலையின் மென்மையையும் அறிந்தே கிள்ளுகின்றனர். ஓர் அடையாளம் புலப்படாவிட்டாலும் மற்றொன்று கைகொடுக்கிறது. கணினித் திரைக்கும் இது பொருந்தும்.

கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்க உதவும் திரையை முனையம் என்பர். அதில் பிழைச் செய்தி பெரும்பாலும் சிவப்பிலும் வெற்றிச் செய்தி பச்சையிலும் தோன்றும். ஆனால், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்களும் உள்ளனர். இக்குறைபாட்டிற்குக் காரணமான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், பெண்களைவிட ஆண்களிடமே இது மிகுதி. இத்தகைய மாணவருக்கு இரு செய்திகளும் ஒன்றுபோலவே தெரியலாம். தம் நிரல் இயங்கியதா, பிழையுற்றதா என்று அறியாமல் அவர் திகைக்க நேரிடும். மேலும், கருப்புத் திரையில் கருநீல எழுத்து எவருக்கும் எளிதில் புலப்படாது.

முனையத்தில் நிறம் எவ்வாறு உருவாகிறது? நிரல், எழுத்துகளோடு சில குறியீடுகளையும் சேர்த்து அனுப்புகிறது. அவற்றுள் 31 சிவப்பு எழுத்தையும் 32 பச்சை எழுத்தையும் குறிக்கும். 0 இயல்பு நிலைக்குத் திருப்பும். 1978இல் வெளிவந்த விடி100 முனையமும் இவ்வகைக் குறியீடுகளைப் பின்பற்றியது. எனினும், அதன் திரை ஒற்றை நிறமுடையது. பல நிறங்கள் இன்றியும் அதில் பணிகள் நடைபெற்றன.

இன்று நிறங்களைக் கட்டுப்படுத்த மூன்று வழிகள் உள்ளன. முதலாவதாக, முனையத்தின் அமைப்புப் பகுதியில் கண்ணுக்கு ஏற்ற நிறங்களைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டாவதாக, நிறம் வேண்டாம் என்று குறிப்பிட்ட நிரலுக்கு மட்டும் கட்டளையிலேயே தெரிவிக்கலாம். மூன்றாவதாக, 'நோ கலர்' என்னும் சூழல் மாறிக்கு ஏதேனும் ஒரு மதிப்பைக் கொடுக்கலாம். 2017இல் முன்மொழியப்பட்ட இவ்வழக்கத்தை ஏற்றுள்ள நிரல்கள் அனைத்தும் அதன்பின் நிறமின்றியே எழுதும்.

நிறத்தை நீக்கினால் பொருளும் நீங்கிவிடுமா? அது நிரல் எழுதியவரைப் பொறுத்தது. 'கிட்' என்னும் மென்பொருள் சேர்த்த வரிகளைப் பச்சையிலும் நீக்கிய வரிகளைச் சிவப்பிலும் காட்டுகிறது. அவற்றின் தொடக்கத்தில் கூட்டல், கழித்தல் குறிகளையும் இடுகிறது. ஆகவே, நிறம் மறைந்தாலும் பொருள் மறைவதில்லை. நிரல் எழுதும் மாணவர்களும் சிவப்பு நிறத்தோடு 'பிழை' என்னும் சொல்லையும் சேர்த்து எழுதுதல் வேண்டும். அச்செய்தி அனைவருக்கும் விளங்கும்.