அலை இருக்கிறதா என்று பார்

அன்புள்ள தங்கைக்கு,

மயக்கவியல் மேற்படிப்பில் சேர்ந்துவிட்டாய். மானிட்டர் இனி எப்போதும் உன் கண்ணெதிரே இருக்கும். அதில் தெரிகிற எண்கள் எல்லாம் ஒரே வேகத்தில் உண்மையைச் சொல்வதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மயக்கம் கொடுக்கும் முன் மூன்று நிமிடம் சுத்த ஆக்ஸிஜன் கொடுக்கிறோம். நுரையீரலிலிருந்த நைட்ரஜன் வெளியேறி, அந்த இடமெல்லாம் ஆக்ஸிஜன் நிறைகிறது. ஆரோக்கியமான ஆளுக்கு, மூச்சு நின்ற பிறகும் இந்தக் கையிருப்பு ஏழெட்டு நிமிடம் வரை தாங்கும். மிகப் பருத்த உடம்புக்கு மூன்று நிமிடம் வருவதே அரிது. நிறைமாதக் கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் சீக்கிரம் தீர்ந்துவிடும். இந்தக் கையிருப்பு நோயாளிக்குப் பாதுகாப்புதான். ஆனால் உன்னை ஏமாற்றக்கூடியது. மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டிய ட்யூப் உணவுக்குழாய்க்குள் போயிருந்தாலும், ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் ஆக்ஸிமீட்டர் 99, 100 என்றே காட்டிக்கொண்டிருக்கும். அந்த எண் இறங்கத் தொடங்கும்போது பொன்னான நிமிடங்கள் போயிருக்கும்.

நெஞ்சு ஏறி இறங்குவதும், ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்பதும், ட்யூபில் ஆவி படிவதும் உணவுக்குழாயில் ட்யூப் இருக்கும்போதும் நடக்கலாம். ஆகவே வெளிவரும் மூச்சின் கார்பன் டை ஆக்ஸைடைக் காட்டும் கேப்னோகிராஃப் அலையைப் பார். வயிற்றுக்குள் போன வாயுவால் முதலில் சிற்றலைகள் தோன்றித் தேய்ந்துவிடும். அதனால்தான் 2022இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், குறைந்தது ஏழு மூச்சுக்கு அலை நிலைத்திருக்க வேண்டும் என்கிறது. அலை வராவிட்டால் மனசு உடனே சமாதானம் தேடும்: மெஷின் கோளாறு, மூச்சுக்குழல் இறுக்கம், இதயம் நின்றுவிட்டது. நம்பாதே. இதயம் நின்றவருக்கும் நெஞ்சை நன்றாக அழுத்திக்கொண்டிருந்தால் சிறிய அலையாவது வரும். சந்தேகம் தீரவில்லை என்றால் ட்யூபை எடு, மாஸ்க் வைத்து ஆக்ஸிஜன் கொடு. "ட்யூப் போட்டது சீனியர் ஆயிற்றே" என்று தயங்காதே. "அலை இல்லை சார்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்.

ஐசியுவில் இதை இன்னும் அழுத்திச் சொல்வேன். அங்கே ட்யூப் நாள்கணக்கில் இருக்கிறது. நோயாளியைப் புரட்டும்போது, ஸ்கேனுக்குக் கொண்டுபோகும்போது நழுவுகிறது. பிரிட்டனில் 2011இல் வெளிவந்த தேசியத் தணிக்கை, சுவாசப்பாதைச் சிக்கலால் ஐசியுவில் நேர்ந்த இறப்புகளில் 70 சதவீதத்துக்கும் மேலானவற்றில் கேப்னோகிராஃப் இல்லாததும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்றது. நம் வார்டுகள் பலவற்றில் அது இன்னும் ஆடம்பரமாகக் கருதப்படுவது எனக்குத் தாங்கமுடியாத வருத்தம். கேட்டு வாங்கு. கிடைக்கும்வரை கேள்.

ஆக்ஸிமீட்டரைக் குறைத்துச் சொல்வதாக நினைக்காதே. 1970களில் அதற்கான வழியைக் கண்ட ஜப்பானியப் பொறியாளர் டாகுவோ அவோயாகிக்கு நம் துறை பட்ட கடன் பெரிது. அளவு இறங்க இறங்க அதன் பீப் ஒலியின் சுருதியும் இறங்கும். கண் வேறெங்கோ இருந்தாலும் காது பிடித்துவிடும். சர்ஜனுக்குத் தொந்தரவு என்று யார் சொன்னாலும் அந்த ஒலியை நிறுத்தாதே. விரலில் கருமருதாணி, நகச்சாயம் இருக்கிறதா என்று பார்த்துவிடு. கறுத்த தோலில் அது உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதும் நினைவிருக்கட்டும். ஐயம் வந்தால் தமனி ரத்தத்தைச் சோதி.

தினமும் முதல் கேஸுக்கு முன் கேப்னோகிராஃபின் மெல்லிய குழாயில் நீயே ஒருமுறை மூச்சை விட்டுப் பார். திரையில் அலை எழுந்த பிறகு நோயாளியை உள்ளே அழைக்கச் சொல்.

அன்புடன்,
உன் அக்கா