மருமகளை மட்டும் கேட்டால் போதுமா?

கலியாணமாகி இரண்டு மூன்று வருஷம் தொட்டில் கட்டாவிட்டால், மருமகளைத்தான் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைய வைக்கிறார்கள். லயம் லயமாகப் போகும்போது நாங்கள் பார்ப்பது இதுதான். மகனை யாரும் கேட்பதில்லை. ஏறக்குறைய பாதிப் பேரில் ஆணிடமும் குறை இருக்கிறது.

சளியும் இரத்தமுமாகப் போகும் நாள்பட்ட குடல் அழற்சிக்கு சல்பாசலசீன் என்றொரு குளிசை கொடுப்பார்கள். அது விந்தணுவைக் குறைக்கும். பயப்பட வேண்டாம், மருந்தை மாற்றினால் இரண்டு மூன்று மாதத்தில் பழையபடி வரும். புது விந்தணு உருவாக அவ்வளவு நாள் ஆகும். ஆனால் நாமாகவே நிறுத்தக் கூடாது. நோய் கிளம்பினால் அதுவும் கேடு. "டொக்டர், எங்களுக்குப் பிள்ளை வேணும்" என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். மாற்று மருந்து இருக்கிறது.

மீன் எண்ணெய் குடிக்கலாமா என்று கேட்கிறார்கள். மீனிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு விந்தணுவின் மேலுறையிலும் உண்டு. டென்மார்க்கில் 1,679 இளைஞர்களைப் பரிசோதித்து 2020இல் வந்த ஆய்வில், மீன் எண்ணெய்க் குளிசை எடுத்தவர்களுக்கு விந்தின் அளவு கூடுதலாக இருந்தது. எண்ணெய்தான் காரணமென்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. குரோன் என்ற குடல் நோயில் 2008இல் வந்த பெரிய பரிசோதனைகளில் அது பலன் தரவுமில்லை.

விலை கூடிய போத்தலை விட சாளையோ டின் மீனோ வாங்குங்கள். ஆம்பளைக்கு மட்டும் பெரிய துண்டு போடாமல், கொழுந்தெடுத்து வருகிற வீட்டுக்காரிக்கும் அதே அளவு வையுங்கள்.