இறால் குட்டையின் எல்லை எங்கே முடிகிறது?



ஓர் உயிரினத்தை வளர்த்து உண்பதற்காக மண்ணும் நீரும் காற்றும் சுமக்கின்ற மொத்தச் சுமையைச் சூழலியலார் ‘சூழல் அடித்தடம்’ என்பர். பிரேசில் போன்ற வெப்பமண்டல நாடுகளில், மேய்ந்து வளர்ந்த மாடுகளை இறைச்சிக்கு அனுப்புமுன் சில மாதங்கள் தீவனக் கொட்டிலில் நெருக்கி அடைத்து, மக்காச்சோளமும் சோயாவும் ஊட்டிக் கொழுக்க வைக்கும் முறை உண்டு. கொட்டில் சிறிதாயினும், அதற்குத் தீவனம் விளைந்த நிலம், சாணமும் சிறுநீரும் சென்று சேரும் ஓடை, மாட்டின் முன்வயிற்றில் நுண்ணுயிர்கள் தீவனத்தை நொதிக்கச் செய்வதால் ஏப்பமாக வெளியேறும் மீத்தேன் வாயு ஆகிய யாவும் அதன் கணக்கைச் சேர்ந்தவையே. பழவேற்காடு ஏரிக்கரையில் அத்தகைய மாட்டுக்கொட்டில் இல்லை. ஆனால் அதே முறை நீருக்குள், இறால் பண்ணை என்னும் பெயரில் இக்கடற்கரைக்கும் வந்து சேர்ந்தது.

சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகிய பழவேற்காட்டில், ஆரணி ஆறும் காளாங்கி ஆறும் கொணரும் நன்னீர், முகத்துவாரம் வழியே ஏறும் கடல்நீரோடு கலக்கிறது. கடலில் பொரித்த இறால் குஞ்சுகள் அவ்வழியே உள்ளே வந்து, ஏரி தரும் இரையை உண்டு வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. அவற்றுக்கு எவரும் தீவனம் இடுவதில்லை. கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் தலைக்கட்டுகள் சீட்டுப் போட்டு முறைவைத்து வலையிடும் ‘பாடு’ என்னும் ஏற்பாடும், பறி என்னும் கூடையைப் பல்லால் கவ்வியபடி நீருக்கடியில் கையால் தடவி இறால் எடுக்கும் இருளர் பெண்களின் உழைப்பும், ஏரி தருவதை மட்டும் பெற்றுக்கொள்பவை.

பண்ணைக் குட்டையில் வளரும் இறாலின் கதை வேறு. மீன்தூளும் சோயாவும் சேர்ந்த தீவனம் மூட்டை மூட்டையாக வெளியிலிருந்து வருகிறது. கொட்டில் மாட்டின் எடை ஒரு கிலோ கூடுவதற்கு ஆறு, ஏழு கிலோ தீவனம் செலவாக, இறாலுக்கு ஒன்றரைக் கிலோ அளவே போதும் என்பது உண்மைதான். ஆனால் அத்தீவனத்திலுள்ள மீன்தூள் கடலிலிருந்து அள்ளப்பட்ட சிறு மீன் என்பதை அந்த எண் சொல்வதில்லை. மேலும், தீவனத்திலுள்ள நைட்ரஜனில் ஏறத்தாழக் கால் பங்கே இறாலின் உடலில் தங்க, எஞ்சியது நீரிலும் அடிச்சேற்றிலும் சேர்ந்து, அந்நீர் திறந்துவிடப்படும்போது பாசியைப் பெருக்கி, அப்பாசி மடிந்து அழுகுகையில் நீரிலுள்ள உயிர்வளியைக் குறைக்கிறது. குட்டையிலிருந்து கசியும் உப்போ கிணற்றையும் நெல்வயலையும் எட்டுகிறது. இந்தக் கடைசிச் சேதமே மிகக் கொடியது. ஏனெனில் குட்டை கைவிடப்பட்ட பின்னும் அது மண்ணை விட்டுப் போவதில்லை.

இத்தகைய பண்ணைகளுக்கு எதிராகச் சர்வோதயத் தலைவர் ச. ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று அளித்த தீர்ப்பு, சிலிக்கா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1000 மீட்டருக்குள் இறால் வளர்ப்புத் தொழிலைத் தடை செய்து, பாரம்பரிய முறைக்கு மட்டும் இடம் விட்டது. 2005-ஆம் ஆண்டின் கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டம் பண்ணைகளைப் பதிவுமுறைக்குள் கொண்டுவந்தது. 2009-இல் வெனாமி என்னும் இறால் இனத்துக்கு அனுமதி கிடைத்ததும் வளர்ப்பு மேலும் நெருக்கமாயிற்று. சதுர மீட்டருக்கு 60 குஞ்சுகள் வரை விடலாம் என்னும் வரம்பே, ஏரேட்டர் சுழன்று காற்றூட்டாவிடில் அவை உயிர் தரிக்க இயலாது என்பதைக் காட்டுகிறது.

மாட்டையும் இறாலையும் ஒரே தராசில் நிறுத்த ஆய்வொன்று 2017-இல் வெளிவந்தது. காஃப்மன் என்னும் அமெரிக்கச் சூழலியலாளரும் அவர் குழுவினரும், அலையாத்திக் காட்டை அழித்த நிலத்தில் விளையும் ஒரு கிலோ மாட்டிறைச்சிக்கு 1440 கிலோ, ஒரு கிலோ இறாலுக்கு 1603 கிலோ கரியமில வாயுவுக்கு நிகரான உமிழ்வு நேர்வதாகக் கணித்தனர். அவ்வெண்ணைப் பழவேற்காட்டுக்கு அப்படியே ஒட்டுவது முறையன்று. இங்கு அலையாத்தி குறைவு, குட்டைகள் எழுந்த நிலமும் வேறு. இங்கு அளக்க வேண்டியவை கிணற்று நீரின் உப்பும், வடிகால் நீரின் நைட்ரஜனும் ஆகும். அவற்றையும், மணல்திட்டு முகத்துவாரத்தை அடைத்து, ஏரிக்குள் வந்த கழிவு கடலுக்குப் போக வழியின்றித் தேங்கும் மாதங்களில் அளக்க வேண்டும்.