கிழிக்கிறவர்களுக்குப் பதில்

கே: பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை எனக்கு. கிண்டிலில் நானே போட்ட நாவலை முகநூலில் கிழிக்கிறார்கள். பதில் சொல்லட்டுமா?
– வாசகி, அனுப்பர்பாளையம்

ப: வேண்டாம். பீஸ் பார்க்கிற கண்ணோடு திட்டுகளையும் பிரித்துப் போடுங்கள். எழுத்துப்பிழை, இழுவை என்பது நிஜமான ஓட்டை. திருத்திய பிரதியைக் கிண்டிலில் காசில்லாமல் மறுபடி ஏற்றலாம். சாதியையும் நடத்தையையும் இழுப்பவர் படித்தே இருக்கமாட்டார், பிளாக் செய்யுங்கள்.

திருச்செங்கோட்டில் நடந்தது தெரியுமல்லவா? எழுத்தாளர் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் 2010-ல் வந்தது; எதிர்ப்பு கிளம்பியதோ 2014 கடைசியில். 2015 ஜனவரியில் எழுத்தையே விடுவதாக முகநூலில் அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் நாவலின் பக்கம் நின்றது. அவருக்காவது பதிப்பாளர் துணை இருந்தது, உங்களுக்கு நீங்கள்தான். மிரட்டல் வந்தால் அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து சைபர் கிரைம் போலீசில் கொடுங்கள்.