கடையில் ‘ஷார்க்’ வாங்கும் முன்

பெங்களூரு சிவாஜிநகர் பக்கம் அலங்கார மீன் கடைக்குப் போனால் விரல் நீளக் குட்டிகளைக் காட்டி “ஷார்க் சார்” என்பார்கள். பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடும். அந்த ஒரே பெயரில் பல வகை மீன்கள் விற்கின்றன. அவற்றில் சில சாண் நீளத்தோடு வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். சில ஆள் தூக்க முடியாத அளவுக்குப் பெருக்கும். பணம் கொடுப்பதற்குள் எது எதுவெனத் தெரிந்துகொள்ளுங்கள்.

1. செவுளைப் பாருங்கள். உண்மையான சுறாவுக்குத் தலையின் இரு பக்கமும் ஐந்து முதல் ஏழு கீறல்கள் மூடியில்லாமல் தெரியும். செவுள்மேல் ஒரே தட்டு திறந்து மூடினால் அது சுறா அல்ல. நன்னீர்த் தொட்டியில் இருக்கும் ‘ஷார்க்’ எல்லாமே கெண்டை அல்லது கெளுத்தியின் உறவுகள்தான்.

2. வெள்ளி நிறக் குட்டியா? மீசை இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய செதில், மீசையில்லாத வாய், துடுப்புகளின் ஓரத்தில் கறுப்புக் கரை என்றால் பாலா ஷார்க். செதிலே இல்லாத வழவழப்பான உடல், இரண்டு ஜோடி மீசை, முதுகில் வாலுக்கு முன்னால் சதைபோல ஒரு சின்னத் துடுப்பு என்றால் பங்காஸ் கெளுத்தி. அதிகம் ஏமாறும் இடம் இதுதான்.

3. பங்காஸை வீட்டுக்கு வாங்கவே வேண்டாம். ‘டைகர் ஷார்க்’ என்றும், வெளிறிய ரகமானால் ‘வெள்ளை ஷார்க்’ என்றும் மலிவாகக் கொடுப்பார்கள். மேகாங் ஆற்று மீன். ஒரு மீட்டருக்கு மேல், 40 கிலோ வரை வளரும். ஆந்திரக் குளங்களில் உணவுக்காக வளர்ப்பதும், ஓட்டலில் ‘பாசா’ என்று தட்டில் வருவதும் பெரும்பாலும் இதுதான். மிரளும் சுபாவம் வேறு. விளக்கைச் சட்டென்று போட்டாலே பாய்ந்து கண்ணாடியில் மோதி மூக்கை உடைத்துக்கொள்ளும். இரண்டடித் தொட்டியில் இதை வைப்பது கொடுமை.

4. பாலா ஷார்க் சாது. ஆனால் 35 செ.மீ. வரை வளரும், கூட்டமாக இருந்தால்தான் நிம்மதியாக நீந்தும், நன்றாகத் துள்ளும். ஆறடித் தொட்டியும் இறுக்கமான மூடியும் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

5. கறுப்பு மீன்களில் மூன்று உண்டு. உடல் கன்னங்கரேல், வால் மட்டும் சிவப்பு என்றால் ரெட் டெயில் ஷார்க். மற்றத் துடுப்புகளும் சிவந்திருந்தால் ரெயின்போ ஷார்க். வெளிர் உடலும் சிவப்புத் துடுப்புமாக வரும் அல்பினோவும் அதன் ரகமே. இரண்டும் சுமார் 15 செ.மீ.யில் நின்றுவிடும். வீட்டுக்கு ஏற்றவை என்று நான் சொல்வது இவற்றைத்தான். ஒரு தொட்டிக்கு ஒன்றே போதும். இரண்டை விட்டால் ஒன்று மற்றதை ஓயாமல் விரட்டும். ஒளிந்துகொள்ளக் கல்லும் மரக்கட்டையும் போடுங்கள். ரெட் டெயில் தாய்லாந்து ஆறுகளில் அழிவின் விளிம்பில் இருக்கிறது. கடைக்கு வருபவை பண்ணையில் பிறந்தவை. துடுப்பு, வால் எல்லாமே கறுப்பு என்றால் பிளாக் ஷார்க். அது 60 செ.மீ. தாண்டும், சண்டைக்காரன். விட்டுவிடுங்கள்.

6. வெள்ளி உடல், நீண்ட மீசை, அடித்துடுப்புகள் கறுத்து நுனி வெளுத்திருந்தால் கொலம்பியன் ஷார்க். வளர வளர உப்பு கலந்த நீர் கேட்கும். துடுப்பு முள்ளில் நஞ்சு உண்டு, கையால் பிடிக்காதீர்கள்.

7. உயர்ந்த முதுகுத் துடுப்பும் உடலில் பட்டைகளுமாக இருப்பது சைனீஸ் ஹை ஃபின். குட்டியில் கொள்ளை அழகு. வளர்ந்தால் பட்டையும் மறையும், ஒரு மீட்டரையும் தாண்டும்.

8. கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்குச் சில இடங்களில் பேம்பூ ஷார்க் குட்டியோ முட்டைப் பையோ கிடைக்கும். இதுதான் அசல் சுறா. பழுப்புப் பட்டை ரகத்தின் குட்டிக்குக் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் இருக்கும். வளர்ந்தால் மங்கி, மீன் ஒரு மீட்டர் அளவுக்கு வரும். தரையில் படுத்துக்கிடக்கும் மீன் என்பதால் ஆழத்தைவிடத் தரைப்பரப்பு முக்கியம். அடுக்குமாடி வீட்டு ஹாலில் அவ்வளவு இடம் கிடைக்காது.

9. நம் ஊர்க் குளிரை மறக்காதீர்கள். ரெட் டெயிலுக்கும் ரெயின்போவுக்கும் 24 முதல் 27 டிகிரி வேண்டும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் பெங்களூரு வீட்டுத் தொட்டி அதற்குக் கீழே இறங்கிவிடும், ஹீட்டர் தேவை. காவிரிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அதை நீக்கும் சொட்டு மருந்து கலந்த பிறகே ஊற்றுங்கள். போர்வெல் தண்ணீரானால் கடினத்தன்மையைச் சோதித்துவிடுங்கள்.

10. ஏற்கெனவே வாங்கிய மீன் தொட்டிக்கு மீறிப் பெருத்துவிட்டால் அல்சூர் ஏரியிலோ வேறு நீர்நிலையிலோ விடாதீர்கள். தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கி, பின்பு வெளியே விடப்பட்ட சக்கர் மீன்கள் தென்னிந்திய நீர்நிலைகளில் பெருகி உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்திருக்கின்றன. வாங்கிய கடையிலேயே திருப்பி எடுப்பார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். இந்தக் கேள்வியை வாங்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.